பழைய லீ-என்ஃபீல்டுக்குக் குறி சரிசெய்தல்: இரும்புக் குறியா, ஸ்கோப்பா?

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் இராணுவத் துப்பாக்கியான நம்பர் 4 மார்க் 1 லீ-என்ஃபீல்டு ஒன்றை வாங்கிச் சுடுதளத்துக்குக் கொண்டு செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் குறை, அது இலக்குக்கு மேலே சுடுகிறது என்பதுதான். அடுத்து வரும் கேள்வி, இதைச் சரிசெய்ய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டலாமா என்பது. எனது துப்பாக்கிக்கு நானும் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறிகளையே (கண்ணருகே உள்ள பின்குறி, குழல் நுனியில் உள்ள முன்குறி) வைத்துக்கொண்டு, பின்குறியை மட்டும் அதே துப்பாக்கிக்கு உரிய இன்னொரு இராணுவப் பாகமாக மாற்றினேன். எனவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

குறியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை எல்லா வழிகளுக்கும் பொதுவானவை. உரிமம் ஒழுங்காக இருக்க வேண்டும். சுடுவது அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் மட்டுமே இருக்க வேண்டும். போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையின்) முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியைத் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் ஒருவர் அளவுகோல் கொண்டு சோதித்திருக்க வேண்டும். நம்பர் 4-இன் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிடப்பட்டு வந்ததே இந்த இடைவெளியைச் சரிக்கட்டத்தான். குழலின் வாய் ஓரம் தேய்ந்திருந்தால் எந்தக் குறியும் உதவாது.

மேலே சுடுவதற்கான காரணம் பழுது அன்று. போர்க்கால அவசரத்தில் பெரும்பாலான நம்பர் 4 துப்பாக்கிகளில் பொருத்தப்பட்டது மார்க் 2 எனப்படும் எளிய பின்குறி. அதில் 300 கெஜத்துக்கு ஒரு துளை, 600 கெஜத்துக்கு ஒரு துளை, இவ்வளவுதான். நொடிக்குச் சுமார் 2440 அடி வேகத்தில் புறப்படும் 174 கிரெயின் எடையுள்ள மார்க் 7 குண்டு 300 கெஜத்தில் நடுப்புள்ளியைத் தொட வேண்டுமென்றால், 100 கெஜத்தைக் கடக்கும்போது அது பார்வைக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 6 முதல் 7 அங்குலம் உயரத்தில் இருந்தாக வேண்டும். துப்பாக்கி தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்கிறது. நாம்தான் அதை வேறு தூரத்தில் சுடுகிறோம்.

முதல் வழி, பின்குறியை அப்படியே விட்டுவிட்டு முன்குறித் தகட்டை உயரமானதாக மாற்றுவது. பின்குறியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் குண்டு நகரும். முன்குறி அதற்கு நேர்மாறானது, உயர்த்தினால் குண்டு தாழும். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இலக்கில் உள்ள பிழையை இரு குறிகளுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் போதும். நம்பர் 4-இல் அந்த நீளம் 28.7 அங்குலம் அளவில் இருக்கிறது. 100 கெஜம் என்பது 3600 அங்குலம். ஆக, இலக்கில் ஓர் அங்குலத்தை நகர்த்த முன்குறியில் 0.008 அங்குல மாற்றம் வேண்டும். முன்குறித் தகடுகள் 0.015 அங்குலப் படிகளாகவே தயாரிக்கப்பட்டு, எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதால், ஒரு படி மாற்றம் 100 கெஜத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 6 அல்லது 7 அங்குலத்தைக் கீழே கொண்டுவர நான்கு படி ஏற வேண்டும். ஏற்கெனவே உயரமான தகடு பொருத்தப்பட்டு வந்த துப்பாக்கியில் அவ்வளவு ஏறுவதற்கு இடமே இராது. தகடுகளின் வரிசை அதற்குள் முடிந்துவிடும். இடமிருந்தாலும், அதன்பின் 300 என்ற எண்ணுக்கும் 600 என்ற எண்ணுக்கும் பொருள் போய்விடும். 100 கெஜத்தில் மட்டுமே சுடுபவருக்கு இது ஒரு குறையே அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழிதான் நான் தேர்ந்தது. நம்பர் 4-க்கென முதலில் வடிவமைக்கப்பட்ட மார்க் 1 பின்குறி, திருகைத் திருப்பி 200 முதல் 1300 கெஜம் வரை ஏற்றி இறக்கக்கூடிய ஏணிக் குறி. தயாரிக்க நேரமும் செலவும் பிடித்ததால்தான் போர்க்காலத்தில் அது பின்னுக்குத் தள்ளப்பட்டு, மார்க் 2-உம் பின்னர் தகட்டை மடித்துச் செய்த மார்க் 3, மார்க் 4 ஏணிகளும் அதன் இடத்துக்கு வந்தன. நமக்கு வாய்ப்பான செய்தி, இவை அனைத்தும் ரிசீவரின் (போல்ட் இயங்கும் உலோக உடலின்) அதே இடத்தில், அதே அச்சு ஊசியில் அமர்கின்றன என்பது. ஊசியைத் தாங்கும் சிறு குறுக்கூசியைத் தட்டி எடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, அடியிலுள்ள சுருள்வில்லும் உந்துமுளையும் தெறித்து ஓடாமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. உலோகத்தில் ஒரு கீறல்கூட விழத் தேவையில்லை.

இதன் பயன் வெறும் வசதி அளவில் நிற்பதில்லை. ஏணியை அதன் அடிநிலையான 200-இல் வைத்தால், 100 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ 3 அங்குலம் மேலே விழும். 6 அங்குல விட்டமுள்ள கரும்புள்ளியின் அடி விளிம்பில் முன்குறியின் உச்சியை உட்கார வைத்துக் குறிபார்த்தால், குண்டு புள்ளியின் நடுவில் விழுகிறது. முன்குறித் தகட்டை மாற்றவே தேவையில்லை. ஏணியின் எண்கள் தமக்குரிய தூரங்களில் உண்மையாகவே இருக்கும். 200, 300 கெஜ இலக்குகளுக்கு நடுவில் குறிவைத்துத் திருகை மட்டும் ஏற்றினால் போதும். கருமையான முன்குறியைக் கரும்புள்ளிக்குள் தேடாமல் வெள்ளைத் தாளின் பின்னணியில் பார்ப்பதால், கண்ணுக்கும் இந்த முறையே எளிது. என் துப்பாக்கியில் உயரத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பக்கவாட்டுப் பிழைக்கு மட்டும் முன்குறியை அதன் பள்ளத்தில் சற்று நகர்த்த வேண்டியிருந்தது, ஏனெனில் மார்க் 1 ஆனாலும் மார்க் 2 ஆனாலும் இராணுவப் பின்குறிகளில் பக்கவாட்டுத் திருத்தம் கிடையாது. குண்டு இடப்புறம் விழுந்தால் முன்குறியையும் இடப்புறமே தள்ள வேண்டும். இங்கே புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். நகர்த்துவதற்கு முன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவைப்பதும், சுத்தியலுக்குப் பதிலாக முன்குறியைத் திருகால் தள்ளும் கருவியைப் பயன்படுத்துவதும் நல்லது.

மூன்றாவதாக, இலக்குப் போட்டிகளுக்கென்று செய்யப்பட்ட நுண்திருத்தத் துளைக்குறிகள் உள்ளன. பார்க்கர்-ஹேல் நிறுவனத்தின் பிஎச்5சி இவற்றில் பெயர் பெற்றது. உயரம், பக்கவாட்டு இரண்டையும் கால் நிமிடக் கோணப் படிகளில் (100 கெஜத்தில் ஏறத்தாழ கால் அங்குலம்) திருத்தலாம். துளையிடாமல் ஏற்கெனவே உள்ள பிடிமானங்களிலேயே பொருத்தலாம். துல்லியத்தில் இரும்புக் குறிகளுள் இதுவே உயர்ந்தது. நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் இதைப் பார்த்துச் சுட்டிருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்துப் பழகியதில்லை. நல்ல நிலையில் உள்ளது கிடைப்பது அரிது. பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பதால் துப்பாக்கியின் தோற்றமும் இராணுவத் தோற்றமாக இராது. போட்டிக்காகவே சுடுபவருக்கு என் தேர்வைவிட இது சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

இனி ஸ்கோப். இதில் இரண்டு பிரிவுகள் உண்டு. பின்குறியை எடுத்துவிட்டு அதன் ஊசித் துளையையும் ரிசீவரின் மேல்பகுதியையும் பிடிமானமாகக் கொண்டு, துளையிடாமல் பொருத்தும் தாங்கிகள் ஒருவகை. ரிசீவரில் துளையிட்டு மரை வெட்டித் திருகுவது மற்றொரு வகை. முதல் வகையை நான் சிறிது காலம் பொருத்திப் பார்த்தேன். தோட்டாக்களை ஒப்பிட்டுச் சோதிக்க அது மிகவும் உதவியது, ஏனெனில் இரும்புக் குறியில் குரூப் (ஒரே குறியில் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம்) விரிந்தால் அது கண்ணின் பிழையா தோட்டாவின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. ஆனால் உதைப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் திருகுகள் குறைவாக இருப்பதால் அது தளர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் ஜீரோவை (குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும் அமைப்பை) மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. மேலேயிருந்து, பல தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் சட்டத்தால் நிரப்பும் வழியும் அடைபடுகிறது. இரும்புக் குறிக்கு ஏற்ற உயரத்தில் செதுக்கப்பட்ட பின்கட்டையில் கன்னத்தை வைத்தால், ஸ்கோப் கண்ணுக்கு எட்டாமல் மேலே நிற்கிறது. ஸ்கோப்புடன் இராணுவத்தில் இருந்த நம்பர் 4 (டி) துப்பாக்கிகளின் பின்கட்டையில் மரத்தாலான கன்னத்தாங்கி ஒன்று திருகப்பட்டிருந்தது இதனால்தான். தாங்கிகள் பலவகை உள்ளன. எனக்குத் தெரிந்தது ஒன்று மட்டுமே என்பதால், எல்லாமே இப்படித்தான் என்று பொதுமைப்படுத்த மாட்டேன்.

துளையிட்டுத் திருகிய ஸ்கோப் உறுதியில் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இந்த ஒப்பீட்டை முடிவு செய்வது உறுதி அன்று. செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதே. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய இராணுவத் துப்பாக்கியின் மதிப்பு, அது எவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்பதில் இருப்பதைவிட, எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதிலேயே இருக்கிறது. சேகரிப்பாளர் ஒருவர் அதைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது போல்ட்டிலும் ரிசீவரிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா, முன்கட்டை வெட்டப்படாமல் முழு நீளத்துக்கு இருக்கிறதா, ஆய்வு முத்திரைகள் தேய்த்தழிக்கப்படாமல் இருக்கின்றனவா, ரிசீவரில் அந்நியத் துளை ஏதும் உண்டா என்பவற்றையே. இவற்றுள் மரம் வெட்டப்பட்டதைக்கூட வேறு முன்கட்டை தேடிப் பொருத்தி ஓரளவு மீட்கலாம். ரிசீவரில் விழுந்த துளையை எதனாலும் மீட்க முடியாது. பற்றவைத்து அடைத்தால் அந்த வெப்பம் எஃகின் பதத்தையே கெடுக்கக்கூடும். மரைத்திருகு வைத்து மூடினால் மூடியதே தெரியும். உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த காலத்தில் வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப்பட்ட எண்ணற்ற லீ-என்ஃபீல்டுகளும் மவுசர்களும் இன்று அதே வகையின் மாறாத துப்பாக்கிகளைவிட மிகக் குறைவான விலைக்கே போகின்றன. அவற்றைத் துளையிட்டவர்கள் அன்று தவறு செய்ததாகச் சொல்ல மாட்டேன்; அவர்களுக்கு அது பழம்பொருள் அன்று, கையிலிருந்த கருவி. இன்று நிலைமை வேறு.

நம்பர் 4 (டி) இங்கே ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. தொழிற்சாலையில் நன்றாகச் சுட்ட துப்பாக்கிகளைத் தேர்ந்தெடுத்து, ஹாலண்ட் & ஹாலண்ட் நிறுவனம் இடப்பக்கச் சுவரில் இரு தாங்குதளங்களைப் பொருத்தி, நம்பர் 32 ஸ்கோப்புடன் இணைத்தது. ஸ்கோப்பின் எண் கட்டையின் கழுத்துப் பகுதியிலும், துப்பாக்கியின் எண் தாங்கியிலும் பொறிக்கப்பட்டு, இரண்டும் ஓர் இணையாகவே வைக்கப்பட்டன. அவற்றின் மதிப்பு உயர்ந்திருப்பதால் சாதாரண நம்பர் 4-ஐத் துளையிட்டு அதுபோலத் தோற்றமளிக்கச் செய்யும் ஆசை பலருக்கும் எழுகிறது. விவரம் அறிந்தவர் முன் அந்தத் துப்பாக்கி இரண்டு விதத்திலும் தோற்கிறது: உண்மையான (டி) ஆகவும் இராது, மாறாத நம்பர் 4 ஆகவும் இராது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஏணிக் குறி, பிஎச்5சி, துளையிடாத் தாங்கி மூன்றும் தேறுகின்றன. சில தாங்கிகளில் ரிசீவரை அழுத்திப் பிடிக்கும் திருகு அதன் மேற்பூச்சில் தழும்பு விடும் என்பதால் மூன்றாவது அரைகுறையாகவே தேறுகிறது. கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவி, எந்தத் துப்பாக்கியிலிருந்து எடுத்தது என்று எழுதி, துப்பாக்கியுடனேயே வைத்திருக்க வேண்டும். என் துப்பாக்கியின் பழைய மார்க் 2 பின்குறி அப்படித்தான் இருக்கிறது. அடுத்து வாங்குபவர் விரும்பினால் சில நிமிடங்களில் அதை மாட்டிக்கொள்ளலாம்.

குறியைப் பற்றி இவ்வளவு பேசிய பின், குரூப்பின் அகலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குறியே அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். குறி, குரூப்பை இடம் மாற்றும்; சுருக்காது. நம்பர் 4-இல் அதைச் சுருக்குவது மரம். உதைப்பை முன்கட்டைக்குக் கடத்தும் தாங்குபரப்புகள் ரிசீவரோடு இருபுறமும் சமமாகப் பொருந்த வேண்டும். பல ஆண்டுகள் உலர்ந்து சுருங்கிய மரத்தில் அவை விலகியிருக்கும். முன்கட்டையின் நுனி குழலைச் சுமார் 2 முதல் 7 பவுண்டு விசையுடன் மேல்நோக்கித் தாங்க வேண்டும். இடைப்பட்ட நீளத்தில் மரம் குழலைத் தொடக்கூடாது. விசைக்காப்பின் (விசையைச் சுற்றியுள்ள வளைவின்) முன்திருகு அதன் உட்குழாய் வளையத்தோடு இறுக்கமாக இருக்க வேண்டும். வளையம் காணாமல் போயிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் மரம்தான் நசுங்கும். இவற்றைச் சரிபார்க்க ஒரு விசைத்தராசும் பொறுமையும் போதும்.

மரவேலையிலும் எனது அளவுகோல் அதேதான். தாங்குபரப்பில் கடினமரத் துண்டு பதிப்பது அந்நாளைய படைக்கலப் பணியாளர்கள் கையாண்ட முறை. மெல்லிய தக்கையையோ தகட்டையோ இடையில் வைத்துப் பார்ப்பது எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது. எப்பாக்சி ஊற்றி முழுவதும் அச்சுப்போல் நிரப்புவது நல்ல பலன் தரும் என்றாலும், அதைப் பின்னர் எடுக்கும்போது மரமும் சேர்ந்தே வரும்.

தோட்டாவைப் பொறுத்தவரை, இந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு உள்ள .303 என்ற பெயர் குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களுக்கிடையிலான விட்டத்தைச் சொல்வதில்லை. அது 0.311 அங்குலத்திலிருந்து தொடங்கி, போர்க்காலக் குழல்களில் 0.314-ஐயும் தாண்டும். மென்மையான ஈயக் குண்டைக் குழலின் வழியே தள்ளி அளந்து பார்ப்பது வழக்கம். ஆனால் ஐந்து பள்ளங்கள் கொண்ட குழலில் பள்ளத்துக்கு எதிரே பள்ளம் வராததால் சாதாரண மைக்ரோமீட்டர் சரியான அளவைத் தராது. லாங் பிராஞ்ச் (கனடா), சாவேஜ் (அமெரிக்கா) தொழிற்சாலைகளின் தயாரிப்புகளில் காணப்படும் இரு பள்ளக் குழல்களில் இந்தத் தொல்லை இல்லை. தேய்ந்த குழலில் தட்டையான அடி கொண்ட, சற்றுத் தடித்த குண்டு பெரும்பாலும் நன்றாகப் பற்றும். பழைய இராணுவத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தால், சுட்டபின் குழலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர் கரைக்கும்.

ஜீரோ செய்யும்போது 25 கெஜத்தில் தொடங்குவது தோட்டாவை மிச்சப்படுத்தும். 200 கெஜத்துக்குச் சரியாக அமைந்த நம்பர் 4, 25 கெஜத்தில் பார்வைக் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே சுட வேண்டும். பின் 100-க்குச் செல்லலாம். ஐந்து ஐந்தாகச் சுட்டு, குரூப்பின் நடுவைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் ஓடித் திருத்துபவருக்கு ஜீரோ கிடைப்பதே இல்லை. மணல்மூட்டையின் மேல் முன்கட்டை அமரலாம், குழல் அமரக்கூடாது. மெல்லிய குழல் சூடேறினால் குண்டு நகரும் என்பதால் இடையிடையே ஆறவிட வேண்டும்.

பிற துப்பாக்கிகளுக்கு என் முடிவு அப்படியே பொருந்துமா என்றால், கொள்கை பொருந்தும், வழி மாறும். ரஷ்யத் துப்பாக்கியான மோசின்-நகாந்த் 91/30, துப்பாக்கிமுனை ஈட்டி மாட்டிய நிலையிலேயே ஜீரோ செய்யப்பட்டது. அதைக் கழற்றிச் சுடும்போது குண்டு வேறிடம் போவதில் வியப்பில்லை. சுவீடன் மவுசர் எம்/96-இன் பின்குறி 300 மீட்டரிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு உயரமான முன்குறியே வழக்கமான தீர்வு. இவ்விரண்டிலும் பின்குறி குழலின் மேல், கண்ணிலிருந்து தொலைவில், வெட்டுப்பள்ளமாக இருக்கிறது. பள்ளம், முன்குறி, இலக்கு என மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகக் காண்பது நடுவயதைக் கடந்த கண்ணுக்குக் கடினம். நம்பர் 4-இல் கண்ணருகே உள்ள சிறுதுளை பார்வையின் ஆழத்தைக் கூட்டுவதால் முன்குறியை மட்டும் பார்த்தால் போதும். அதனால் என் கண் இரும்புக் குறிக்கு ஒத்துழைக்கிறது என்பதை வைத்து, வெட்டுப்பள்ளக் குறி வைத்திருப்பவருக்கு ஸ்கோப் வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லக்கூடியது, பின்குறியின் அடித்தளத்திலேயே துளையிடாமல் அமரும் தாங்கியையும், கண்ணிலிருந்து தள்ளி வைக்கக்கூடிய குறைந்த உருப்பெருக்கமுள்ள ஸ்கோப்பையும் முதலில் முயன்று பார்க்கலாம் என்பதே. துளையிடும் முடிவை அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.